அறுவைப் பேற்றிற்குப் பின் அடுத்த பேறு

(ஏனாத்தூரில் மகளிர் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





திருத்தக்கதேவர் இயற்றிய சீவக சிந்தாமணிக்கு மணநூல் என்றும் ஒரு பெயர் உண்டு. சீவகன் எட்டு மகளிரை மணந்த கதை என்றே பலரும் அதனை நினைவிற் கொண்டுள்ளனர். அந்நூலின் தொடக்கத்தில் நிகழும் ஒரு மகப்பேற்றைப் பற்றிப் பேசுவோர் குறைவு. கட்டியங்காரனின் சூழ்ச்சி முற்றிய வேளையில், சச்சந்தன் நிறைசூலியாகிய விசயையை மயிற்பொறியில் ஏற்றி அனுப்பிவிட்டுப் போர்க்களத்தில் மடிகிறான். பொறி இறங்கிய இடம் சுடுகாடு. நேற்று வரை அரண்மனையில் இருந்தவள் ஈமத்தீயின் ஒளியில் மகனைப் பெறுகிறாள். மருத்துவிச்சி இல்லை, தாய் இல்லை, கணவனும் இல்லை. அந்நிலையில் தேவர் ஒரு தெய்வத்தைச் சண்பகமாலை என்னும் தோழியின் உருவில் அவள் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்துகிறார். நூலாசிரியரோ துறவி. பேறுகாலத்தில் ஒருத்தியைத் தனியே விடலாகாது என்பதை அத்துறவி உணர்ந்திருந்தார்.

மற்றொரு சமணச் சான்றோராகிய காரியாசான் தம் சிறுபஞ்சமூலத்தில், சூலுற்றவளைப் பேணிக் காத்தலைப் பேரறங்களுள் ஒன்றாக எண்ணுகிறார். மருந்தின் பெயரையே நூலுக்கு இட்டவர் அவர். ஆகாரம், அபயம், ஔஷதம், சாஸ்திரம் என்னும் நால்வகைத் தானங்களை நாள்தோறும் சொல்லும் மரபில் வந்தவர்களுக்கு இஃது அயலான செய்தியன்று.

இன்று சுடுகாட்டில் எவரும் பிள்ளை பெறுவதில்லை. தமிழ்நாட்டில் ஏறத்தாழ எல்லாப் பேறுகளும் மருத்துவமனையில்தான் நிகழ்கின்றன. 2018 முதல் 2020 வரையிலான மாதிரிப் பதிவுக் கணக்கின்படி, ஒரு லட்சம் பேறுகளில் இந்தியா முழுமைக்கும் 97 தாயர் உயிரிழந்தபோது, தமிழ்நாட்டில் அவ்வெண் 54. பெருமைக்குரிய செய்திதான். ஆனால் இதனோடு மற்றொரு கணக்கையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 2015-16ஆம் ஆண்டின் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் நூற்றுக்கு 34 குழந்தைகள் சிசேரியன் அறுவையால் பிறந்தன. 2019-21ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அது ஏறத்தாழ 45 ஆயிற்று. தனியார் மருத்துவமனைகளில் மட்டும் பார்த்தால் நூற்றுக்கு 64. அரசு மருத்துவமனைகளில் 36. அப்போது இந்தியாவின் சராசரி 21.5. உலக நலவாழ்வு நிறுவனம் 1985இல் கூறிய அளவோ பத்து முதல் பதினைந்து.

இந்த எண்களைக் கண்டு மருத்துவர்களைப் பழிப்பது எளிது. அறுவை இல்லாதிருந்தால் இறந்திருக்கக் கூடிய தாயரும் சேயரும் ஒவ்வோர் ஊரிலும் உயிரோடு நடமாடுகின்றனர் என்பதை மறத்தல் நன்றியன்று. இங்கே எண்ணிப் பார்க்க வேண்டியது வேறொன்று. முதற்பேறு அறுவையால் நிகழ்ந்த பெண்கள் இத்தனை பேர் என்றால், தழும்புள்ள கருப்பையோடு இரண்டாம் முறை கருவுறும் பெண்களும் ஏறத்தாழ அத்தனை பேர். அவர்களுடைய இரண்டாம் கருவைக் குடும்பத்தார் எப்படிக் காண்கின்றனர்? "முன்னதே ஆபரேஷன், இதுவும் ஆபரேஷன்தானே, நாள் குறித்துப் போனால் போதும்" என்று முதற் கருவுக்குக் காட்டிய கவனத்திற் பாதியும் காட்டுவதில்லை. உண்மையில் கூடுதலான கவனத்தை வேண்டி நிற்பது இரண்டாவதே.

காரணத்தை அறிய வேண்டுமெனில் தழும்பைப் பற்றி அறிதல் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை, கருப்பையை வெட்டிய பின் அதனைத் தைக்கும் வழக்கமே பெரும்பாலும் இல்லை. ஆகவே தாய் பிழைப்பது அரிதாயிருந்தது. 1882இல் செருமானிய மருத்துவர் மாக்ஸ் சேங்கர் கருப்பைச் சுவரை முறையாகத் தைத்துக் காட்டினார். அக்காலத்து வெட்டு மேலிருந்து கீழாகச் செல்லும் நெடுக்கு வெட்டு. பேறுவலியில் இறுகிச் சுருங்கும் மேற்பகுதித் தசையில் அமைந்தமையால், அத்தழும்பு அடுத்த பேற்றில் பிளந்துவிடும் அச்சம் பெரிது. 1916இல் அமெரிக்க மருத்துவர் எட்வின் கிரேகின், ஒருமுறை அறுவையெனில் பின் எப்போதும் அறுவையே என்னும் கருத்துப்படப் பேசினார். அக்கூற்றை இன்று அறுவைக்கு ஆதரவாக எடுத்தாள்வோர் உண்டு. அவர் சொன்னதோ எச்சரிக்கை: அடுத்தடுத்த பேறுகளையும் கட்டிப்போடும் ஆதலால், முதல் அறுவையைத் தக்க காரணமின்றிச் செய்யாதீர் என்பதே அதன் உட்கிடை. பின்னர் 1920களில் கிளாஸ்கோ நகரத்து மன்ரோ கெர், கருப்பையின் மெல்லிய கீழ்ப்பகுதியில் குறுக்கே வெட்டும் முறையைப் பரப்பினார். வலியின்போது அப்பகுதி அவ்வளவாக இறுகுவதில்லை. தழும்பும் வலுவாய் ஆறுகிறது. இன்று செய்யப்படும் அறுவைகளில் மிகப் பல இம்முறையைச் சார்ந்தவை.

இங்கே தாய்மார்கள் கருத்திற் கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. வயிற்றுத் தோலில் தெரியும் தழும்பு வேறு. கருப்பையில் உள்ள தழும்பு வேறு. தோலில் குறுக்காக இருப்பது கொண்டு உள்ளேயும் குறுக்காகத்தான் இருக்கும் என்று கொள்ள முடியாது. குறைமாதப் பேறு, குழந்தை குறுக்கே கிடத்தல், நஞ்சுக்கொடி முன்புறம் படர்ந்திருத்தல் முதலிய நிலைகளில் உள்ளே நெடுக்காக வெட்ட நேர்வதுண்டு. அதனை அறிவிப்பது முதல் அறுவையின்போது மருத்துவமனை கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டு ஒன்றே. எந்த வெட்டு, எக்காரணத்தால் அறுவை, தையலில் இடர் ஏதும் நேர்ந்ததா, ரத்தம் ஏற்றப்பட்டதா, காய்ச்சல் கண்டதா என்பவை அதில் இருக்கும்.

அந்தச் சீட்டு எங்கே இருக்கிறது? முதற்பேறு தாய்வீட்டில்; சீட்டும் அங்கேயே ஏதோ ஒரு பையில். இரண்டாம் கருவுக்குப் பெண் புகுந்த வீட்டிலிருந்து வேறு மருத்துவமனைக்குச் செல்கிறாள். எட்டாம் மாதத்தில் மருத்துவர் கேட்கும்போது தொலைபேசியில் தேடல் தொடங்குகிறது. நகைச்சீட்டையும் நிலப்பத்திரத்தையும் ஐம்பது ஆண்டு காக்கும் குடும்பங்கள் இச்சீட்டை ஐந்து ஆண்டு காப்பதில்லை.

அடுத்து, இடைவெளி. குழந்தை பிறந்த பின் அடுத்த கருவுக்கு இருபத்துநான்கு மாதமேனும் காத்திருத்தல் நலம் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் அறிவுரை. அறுவை செய்து கொண்டவளுக்கு இது மேலும் பொருந்தும். கருப்பைத் தழும்பு வலுப்பெறவும், இழந்த ரத்தம் ஊறவும் காலம் வேண்டும். இரு பேறுகளுக்கு இடையே ஒன்றரை, இரண்டு ஆண்டுகூட இல்லாதபோது வலியெடுத்துப் பெற முயன்றால், தழும்பு பிளக்கும் வாய்ப்பு கூடுகிறது என ஆய்வுகள் காட்டுகின்றன. "இரண்டையும் சேர்த்து வளர்த்துவிட்டால் தொல்லை தீர்ந்தது" என்று மாமியார்மார் கூறுவது அன்பினால்தான். ஆயினும் அந்த அறிவுரையின் சுமையை ஏற்பது மருமகளின் கருப்பை. கணவன்மார் இதனைத் தம் பொறுப்பாகக் கருதுதல் வேண்டும். பிரமசரியத்தை இல்லறத்தார்க்கும் அணுவிரதமாக வகுத்த சமயம், அடக்கத்தை ஆண்களிடமும் எதிர்பார்க்கிறது. அரசு மருத்துவமனைகளில் அறுவையின்போதே காப்பர்-டி பொருத்திக்கொள்ளும் வசதியும் உண்டு. பேற்றிற்கு முன்பே கேட்டுத் தெளிந்து முடிவு செய்து வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாம் கரு உருவானது தெரிந்தவுடன் மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும். மூன்றாம் மாதம் வரை வெளியே சொல்லக்கூடாது என்னும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. ஊராருக்குச் சொல்லாதிருக்கட்டும், மருத்துவரிடம் மறைத்தல் ஆகாது. அரிதாக, கரு பழைய தழும்பின் மேலேயே ஒட்டிக்கொள்வதுண்டு. ஆறு முதல் எட்டு வாரத்திற்குள் எடுக்கும் ஸ்கேன் அதனைக் காட்டிவிடும். கண்டறியாமல் விட்டால் பெரும் ரத்தப்போக்கில் முடியும்.

ஐந்தாம் மாத ஸ்கேனில் குழந்தையின் உறுப்புகளைக் கண்டு மகிழ்வதோடு, நஞ்சுக்கொடி எங்கே அமைந்துள்ளது என்று கேட்டறிதல் வேண்டும். அது கருப்பை வாயை மூடியவாறு, பழைய தழும்பின் மீது படர்ந்திருந்தால், தசைக்குள் வேரோடிப் பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொள்ளக்கூடும். அமெரிக்காவில் முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட பெண்களின் அறுவைகளை ஆராய்ந்து 2006இல் வெளியான முடிவு இதனைத் தெளிவாக உரைக்கிறது. நஞ்சுக்கொடி இவ்வாறு கீழே அமைந்த பெண்களில், முதல் அறுவைக்கு வந்தோருள் நூற்றுக்கு 3 பேருக்கு அது வேரோடியிருந்தது. இரண்டாம் அறுவைக்கு வந்தோருள் 11 பேருக்கு. மூன்றாவதில் 40 பேருக்கு. நான்காவதில் 61 பேருக்கு. நஞ்சுக்கொடி மேலே, தன் இயல்பான இடத்தில் இருக்கும் பெண்களுக்கு இவ்விடர் மிகக் குறைவு. முதலிரண்டு அறுவைகளில் நூற்றில் ஒருவருக்குக்கூட இல்லை. ஆதலால் எல்லோரும் அஞ்ச வேண்டியதில்லை. ஸ்கேன் முடிவில் கீழே என்று எழுதியிருப்பின், எட்டாம் மாதத்தில் மறுமுறை பார்த்து, அப்போதும் அவ்வாறே இருந்தால், ரத்த வங்கியும் தேர்ந்த அறுவை மருத்துவர் குழுவும் உள்ள பெரிய மருத்துவமனையில் முன்கூட்டியே பதிந்து கொள்ளுதல் வேண்டும். வலியே இல்லாமல் ரத்தம் படுவதை வலியில்லையே என்று விட்டுவிடக் கூடாது. உடனே 108ஐ அழைக்க வேண்டிய நேரம் அதுவே.

அடுத்த பேறும் அறுவையாகத்தான் இருக்க வேண்டுமா என்னும் கேள்வியை இளம் பெண்கள் கேட்கத் தயங்குகின்றனர். கேட்கலாம். ஒரே ஒருமுறை, கீழ்ப்பகுதியில் குறுக்கு வெட்டோடு அறுவை நடந்து, இப்போது வேறு இடர் இல்லாத பெண்கள் இயல்பாகப் பெற முயன்றால், நூற்றுக்கு ஏறத்தாழ 72 முதல் 75 பேர் வெற்றி பெறுகின்றனர். முன்னர் ஒருமுறையேனும் இயல்பான பேறு கண்டவளுக்கு இவ்வாய்ப்பு இன்னும் கூடுதல். தழும்பு பிளக்கும் இடர் ஏறத்தாழ இருநூற்றில் ஒருவருக்கு. எண் சிறிது, நேர்ந்துவிட்டாலோ தாய், சேய் இருவர்க்கும் நிமிடக் கணக்கில் உதவி தேவை. ஆகையால் இம்முயற்சி வீட்டிலோ, அறுவைக்கூடம் இல்லாத ஆரம்ப சுகாதார நிலையத்திலோ நடத்தக் கூடியதன்று. எந்நேரமும் அறுவை மருத்துவரும் மயக்க மருத்துவரும் ரத்தமும் இருக்கும் சீமாங் மையங்களே ஏற்றவை. உத்திரமேரூர் வட்டாரத்துச் சிற்றூர்ப் பெண்கள் இதனை ஒன்பதாம் மாதத்திற்கு முன்பே சிந்தித்தல் நன்று. காஞ்சிபுரம் மாவட்டத் தலைமை மருத்துவமனையோ செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ, எதுவாயினும் நள்ளிரவில் வலி கண்டபின் வண்டி தேடும் தொலைவில் இல்லை. முன்னர் நெடுக்கு வெட்டு நேர்ந்தவர்கள், கருப்பை ஒருமுறை பிளந்தவர்கள், நஞ்சுக்கொடி வாயை மூடியவர்கள் ஆகியோர் இம்முயற்சிக்கு உரியவர் அல்லர். வலி வரவழைக்கும் மருந்துகளுள் சில தழும்புள்ள கருப்பைக்கு ஒவ்வா. ஆதலால் எந்த மருத்துவமனைக்குச் சென்றாலும் முதற் சொல்லாக "முன்பு அறுவை நடந்துள்ளது" என்று சொல்லிவிடுதல் வேண்டும். வலிக்கும் வலிக்கும் இடையிலும் தழும்பின் மேல் ஓயாது நோவு இருந்தாலோ, வந்துகொண்டிருந்த வலி திடீரென நின்றாலோ, செவிலியரை உடனே அழைத்தல் வேண்டும்.

மறுபடியும் அறுவையே தக்கது என மருத்துவர் கூறினால் அதில் குறைவு ஒன்றும் இல்லை. "நோகாமல் பெற்றவள்" என்று அறுவை செய்து கொண்டவளைக் கேலி பேசும் நாக்குகள் சில வீடுகளில் உண்டு. வயிற்றின் பல அடுக்குகளை அறுத்துத் தைத்தபின் மூன்றாம் நாள் எழுந்து நடப்பவள் நோகாமல் பெற்றவளா?

அறுவைக்கு நாள் குறிப்பதில் ஒரு தீங்கு புகுந்துள்ளது. வேறு இடர் இல்லாதபோது முப்பத்தொன்பது வாரம் நிறைந்தபின் செய்வதே முறை. அதற்கு முன் எடுக்கப்படும் குழந்தைகளுள் சிலவற்றுக்கு மூச்சுத் திணறல் ஏற்பட்டுப் பேணல் பிரிவில் வைக்க நேர்கிறது. ஆயினும் நட்சத்திரமும் ஓரையும் பார்த்து, இரண்டு வாரம் முன்னதாகவே எடுக்கச் சொல்லி மருத்துவரை வற்புறுத்தும் குடும்பங்கள் உள்ளன. சமணக் குடும்பங்களும் இதற்கு விலக்கில்லை என்பது வருந்தத்தக்கது. ஆயுகர்மம் முற்பிறவியிலேயே கட்டப்பட்டு உயிரோடு வருவது என்று கற்பிக்கும் சமயத்தவர், கத்தி வைக்கும் நேரத்தை மாற்றிக் குழந்தையின் ஆயுளைக் கூட்ட முயல்வது எந்த ஆகமத்தில் உள்ளது?

இனி உணவு. தமிழ்ச் சமண மகளிர்க்கே உரிய சிக்கல் இங்கேதான். இரண்டாம் அறுவையில் ரத்த இழப்பு முதலதினும் மிகக்கூடும். கருவுற்றவளுக்கு ஹீமோகுளோபின் 11க்குக் கீழ் இருந்தால் ரத்தசோகை. 7க்குக் கீழ் எனில் கடுமையானது. ரத்தம் குறைவு என்று கண்ட செவிலியர், ஈரலும் முட்டையும் உண்க என்பார். பெண் தலையசைத்துவிட்டு வீடு திரும்புவாள். பக்கத்து வீட்டார் தேனில் ஊறிய அத்திப்பழம் தின்னச் சொல்வர். தேனும் ஆகாது, அத்தியும் ஆகாது. கிழங்கு வகை ஆகாது என்பதால் பீட்ரூட்டும் இல்லை. அட்டமி, சதுர்த்தசியில் பச்சைக் காய்கீரை இல்லை. மீதம் உள்ளவற்றில் சத்தில்லையா எனில், நிறையவே உண்டு: முருங்கைக்கீரை, கேழ்வரகு, எள்ளும் வெல்லமும் சேர்ந்த உருண்டை, முளைகட்டாத பயறு வகைகள், பேரீச்சை, கூடவே நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ. புளிப்பு இரும்பை உடலிற் சேர்க்கும். உணவோடு குடிக்கும் காப்பியும் தேநீரும் அதனைத் தடுக்கும். பாலும் தயிரும் குறைவாக உண்பவளுக்கு பி-12 உயிர்ச்சத்தும் குறையும். அதன் அளவைச் சோதித்து மாத்திரையோ ஊசியோ பெறலாம்.

உணவு மட்டும் போதாது. அரசு தரும் இரும்புச்சத்து மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பு உண்டு. கருக்காலத்தில் 180 நாள் உண்ண வேண்டும். கடைகளில் விற்கும் குளிகைகள் சிலவற்றின் உறை விலங்கின் எலும்பு, தோலிலிருந்து எடுத்த ஜெலட்டினால் ஆனது என்று அறிந்து, மருந்தையே நிறுத்திவிட்ட மகளிர் உண்டு. நிறுத்த வேண்டியதில்லை, மாத்திரையாகவோ நீர்மருந்தாகவோ தருமாறு மருத்துவரிடம் கேட்டால் தருவார். வாய்வழி மருந்து ஒவ்வாதவர்க்கு நரம்பு வழியே ஏற்றும் ஊசியும் அரசு மருத்துவமனையில் கிடைக்கிறது.

நோன்பைப் பற்றிப் பேசுகையில் சிலர் முகம் வாடுவர். ஆயினும் பேசியாக வேண்டும். தசலட்சண நாள்களில் உபவாசம் இருக்கும் கருவுற்ற பெண்கள் இன்றும் உளர். மாலையில் உண்டு முடித்துக் காலை வரை நீரும் அருந்தாதிருப்போர் அவரினும் பலர். தத்துவார்த்த சூத்திரம், தீர்த்தங்கர நாமகர்மத்திற்குக் காரணமான பதினாறு பாவனைகளைக் கூறும் இடத்தில், தியாகத்தையும் தவத்தையும் அவரவர் ஆற்றலுக்கு ஏற்பவே வைத்துள்ளது. தழும்புள்ள கருப்பையோடு ஓர் உயிரைச் சுமப்பவளின் ஆற்றல் எவ்வளவு என்று அவளும் மருத்துவரும் அறிவர். பல் இல்லாத பாட்டியார் பத்து நாள் நோன்பிருந்த கதையை அவளிடம் சொல்லிக்காட்டத் தேவையில்லை. இரவுண்ணாமையை விடாது காக்க விரும்புவோர், பகலில் ஐந்து வேளையாகப் பிரித்து உண்ணலாம்; நீரிழிவு கண்டவளோ இன்சுலின் போடுபவளோ ஆயின், இரவு நீண்ட பட்டினி இடர் தரும், மருத்துவர் சொற்படியே நடத்தல் வேண்டும். அட்சய திருதியையன்று ஆதிபகவானுக்குச் சிரேயாம்சன் கரும்புச்சாறு அளித்ததைக் கொண்டாடுவோர், வீட்டில் இருக்கும் சூலிக்கு ஒரு குவளை பால் கொடுக்க நாழிகை பார்ப்பது பொருந்தவில்லை.

அரசு உதவிகள் பல உள. ஒவ்வொரு மாதமும் 9ஆம் நாள் கருவுற்றோர்க்கெனத் தனியே மருத்துவப் பரிசோதனை அரசு நிலையங்களில் நடைபெறுகிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில், ஊட்டச்சத்துப் பெட்டகங்களையும் சேர்த்து 18,000 ரூபாய் தவணைகளாக வழங்கப்படுகிறது. வசதியுள்ள குடும்பத்தார் இவற்றை நாடுவதில்லை. பணத்தை வேண்டாம் என்று விடலாம். கிராம சுகாதார செவிலியரின் பதிவேட்டில் பெயரைச் சேர்ப்பதை விடலாகாது. முன்பு அறுவை நடந்தவள் என்னும் குறிப்பு அந்தப் பதிவில் ஏறினால்தான், கூடுதல் இடர் உள்ளவள் என அவளைத் தேடி வருவார்கள்.

அறக்கட்டளைகள் செய்யக்கூடிய பணி ஒன்று எஞ்சியுள்ளது. ஔஷத தானம் என்றவுடன் மருந்து வாங்கிக் கொடுப்பதே நினைவுக்கு வருகிறது. தமிழ்ச் சமணர் தொகையால் சிறியவர். காஞ்சி, வந்தவாசி, செஞ்சி, திண்டிவனம் என ஊர்கள் சிதறிக் கிடந்தாலும் ஒருவரை ஒருவர் அறிந்தவர். ஜினகாஞ்சித் திருவிழாவில் கூடும் இளைஞர்களின் ரத்த வகையையும் தொலைபேசி எண்ணையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்கலாம். இரண்டாம் அறுவைக்கு நாள் குறித்த பெண்ணின் வீட்டார் கேட்டால், இருவர் முன்கூட்டியே சென்று ரத்த வங்கியில் குருதி கொடுத்து வரலாம். நெகட்டிவ் வகையினர்க்கு இது பேருதவி. அதே குறிப்பேட்டின் பின்பக்கத்தில், ஒவ்வொரு வீட்டுப் பெண்ணும் தன் டிஸ்சார்ஜ் சீட்டைக் கைப்பேசியில் படமெடுத்துத் தாய்வீட்டிற்கு ஒன்றும் புகுந்த வீட்டிற்கு ஒன்றும் அனுப்பியாயிற்றா என்று ஒரு வரி எழுதிக்கொள்ளவும் இடம் இருக்கும்.